கதவில்லாத கூடம்

நவம்பர் 13, திங்கள்

நேற்று தீபாவளி. எங்கள் வீட்டுக்கு இல்லை. என் தங்கை உலகம்மையின் பதினாறாம் நாள் வெள்ளிக்கிழமை முடிந்தது. வந்தவர்கள் எல்லாரும் ஊருக்குப் போய்விட்டார்கள்.

நாற்பது வருடம் நீதிமன்றத்தில் வேலை பார்த்து சிரஸ்தாராக, அதாவது தலைமை எழுத்தராக, ஓய்வு பெற்றவன் நான். வரிசை போட்டுக்கொள்ளாமல் எனக்கு எதையும் எழுத வராது. ஆகவே, இந்த நோட்டில் எழுதப்போவது:

1. அரசு மருத்துவமனையின் ஆட்சிக்குழு கதவை மூடிக்கொண்டு கூடுவது பற்றி விதி என்ன சொல்கிறது.
2. ஆகஸ்ட் 17 கூட்டத்தில் அந்த விதி மீறப்பட்ட விதம்.
3. அதை எதைக்கொண்டு நிரூபிப்பது.
4. அன்று மக்களை வெளியே நிறுத்தியவர் தலைவர் திரவியம். உலகம்மை இறந்ததற்குக் காரணம் அவர். அவர் மட்டுமே.
5. அவரை அந்த நாற்காலியிலிருந்து இறக்குவது.

ஐந்தாவதை எழுதியபின் அடித்துத் திருத்தவில்லை. வழக்கமாகத் திருத்துவேன்.

பால் பொங்கி வழிந்துவிட்டது. அடுப்பைச் சிறிதாக வைக்கவேண்டும் என்று தெரியாது.

நவம்பர் 14, செவ்வாய்

இந்த நோட்டு விசாரணைக்குப் போனாலும் போகலாம். அதனால் ஊருக்கே தெரிந்ததையும் எழுதிவைக்கிறேன்.

கீழப்பாறை அரசு மருத்துவமனைக்கு ஒன்பது பேர் கொண்ட ஆட்சிக்குழு உண்டு. தலைவர் திரவியம், மர அறுவை மில் முதலாளி. நான்கு வருடமாகப் பொதுமக்கள் சார்பில் நான் உறுப்பினர். மாதம் ஒரு கூட்டம்.

விதி 9: கூட்டம் நடக்கும்போது யாரும் வந்து உட்காரலாம். பேர் கொடுத்தவர்கள் ஆளுக்கு ஐந்து நிமிடம் பேசலாம்.

விதி 11: மூன்று காரணங்களுக்கு மட்டும் கதவை மூடலாம். ஒரு நோயாளியின் தனிப்பட்ட விவரம், ஊழியர் மீதான ஒழுங்கு நடவடிக்கை, நீதிமன்ற வழக்கு. மூடுவதற்கு முன், மக்கள் இருக்கும்போதே, காரணத்தை வாய்விட்டுச் சொல்லவேண்டும். ஒருவர் முன்மொழிய, ஒருவர் வழிமொழியவேண்டும். கதவைத் திறந்தபின் முடிவை வாசிக்கவேண்டும். இதில் ஒன்று தவறினாலும் அந்த முடிவு செல்லாது. மீறி மூடியவர்கள் பதவி இழப்பார்கள்.

ஆகஸ்ட் 17 அன்று மூடிய கூட்டத்தில் எடுத்த முடிவு இது: தரைத்தளத்தில் இருந்த ஹார்ட் வார்டை இரண்டாம் மாடிக்கு மாற்றி, காலியாகும் இடத்தைத் தலைவரின் மருமகன் நடத்தும் ஸ்கேன் நிலையத்துக்குக் கொடுப்பது. லிப்டில் அப்போதே "பழுது" என்று அட்டை தொங்கிக்கொண்டிருந்தது.

அக்டோபர் 26 அன்று மாதாந்திரப் பரிசோதனைக்கு உலகம்மை படியேறிப் போனாள். முப்பத்தொன்றாவது படியில் உட்கார்ந்தாள். எழவில்லை. வயது அறுபத்தெட்டு.

நவம்பர் 15, புதன்

ரசம். உப்பு போட மறந்தேன்.

நவம்பர் 17, வெள்ளி

கூட்டக் குறிப்பின் சான்றிட்ட நகல் வாங்க அலுவலகம் போனேன். ஆட்சிக்குழுவின் வேலைகளைப் பார்ப்பவள் ஜெசிந்தா. ரப்பர் முத்திரையைத் தேடிக்கொண்டே பேசினாள்.

"உங்ககிட்டயே ஒரு காப்பி உண்டே சார்."

"முத்திரை வச்சது வேணும்மா."

வாசித்தேன். "காலை 11.10க்கு, ஒரு நோயாளியின் தனிப்பட்ட விவரம் பற்றிப் பேச வேண்டியிருப்பதாகத் தலைவர் அறிவித்தார். பொதுமக்கள் வெளியேறினர். கதவு தாழிடப்பட்டது. முன்மொழிந்தவர்: தலைவர். வழிமொழிந்தவர்: உறுப்பினர் திரு. ஆவுடையப்பன்."

அன்று எந்த நோயாளியைப் பற்றியும் பேசவில்லை. எந்தக் காரணத்தையும் யாரும் சொல்லவில்லை.

"இதை எப்பம்மா டைப் அடிச்ச?"

"மொத நாளே அடிச்சு வச்சிருவேன் சார். கூட்டம் முடிஞ்சா எல்லாரும் காரை எடுத்துட்டுப் போயிருதாங்க. கையெழுத்துக்கு வீடு வீடா அலைய முடியுமா? நீங்கதான சார் இந்த யோசனைய எனக்குச் சொன்னீங்க."

சொல்லியிருக்கலாம். எனக்கு நினைவில்லை.

"வழிமொழிஞ்சவர்னு என் பேரு?"

"அதை நான் மாத்துறதே இல்ல சார். நாலு வருசமா நீங்கதான. கதவுகிட்ட இருக்கிறவரு நீங்கதான்."

கதவருகே நான் உட்காருவது காற்றுக்காக. பேர் தானாக அச்சாகி வருவது அலுவலகப் பழக்கம். என் பட்டியலின் நான்காவது குறிப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கிளம்பும்போது கேட்டாள்: "சார், அன்னைக்குப் பேச பேர் குடுத்தவங்க சீட்டை உங்க கையில குடுத்தேன். மூணு பேரு. அது ஃபைலுக்கு வேணும்."

தேடித் தருகிறேன் என்றேன்.

நவம்பர் 18, சனி

காலையில் வேட்டி காயப்போடும்போது தோன்றியது. கொடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றுவிட்டேன்.

ஆகஸ்டில் குழுவின் அறைக்கு வெள்ளையடித்துக் கொண்டிருந்தார்கள். கூட்டம் நடந்தது நர்சிங் பள்ளியின் சாப்பாட்டுக் கூடத்தில். அந்தக் கூடத்துக்குக் கதவே கிடையாது.

இல்லாத கதவு 11.10க்குத் தாழிடப்பட்டதாக ஒன்பது பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.

அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போனேன். வாசல் அகலம் நாலரை அடி. நிலைச் சட்டத்தில் கீல் அடித்த தடம்கூட இல்லை. நோட்டில் படம் வரைந்துகொண்டேன். சுவரோரம், வார்டில் கட்டிலைச் சுற்றி வைப்பார்களே, அந்தப் பச்சைத்துணித் தட்டி நின்றது. கீழே நான்கு உருளைகள். அதைத் தொடவில்லை.

திரும்பினால் வாசலில் திரவியம்.

"என்னவே சிரஸ்தார், டேப்பும் கையுமா? கல்யாண மண்டபம் பாக்கீரா? இந்த வயசுலயா?"

கூட வந்த இருவரும் சிரித்தார்கள்.

"சும்மாதான்" என்றேன். நாடா சட்டைப்பையில் சுருளாமல் பாதி வெளியே தொங்கியது.

"இருந்தாலும் உம்மள மாதிரி வராதுவே. போன கூட்டத்துக்கு நீரு வரல. தாழ்ப்பாள் போட ஆளில்லாம தவிச்சுப்போனோம்."

போன கூட்டம் உலகம்மையின் ஏழாம் நாள் நடந்தது. அதைக்கூட நான் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து, சொல்லியிருக்கவேண்டியதை ஆறு விதமாக எழுதிப் பார்த்தேன். ஆறும் நன்றாக இருந்தன.

நவம்பர் 20, திங்கள்

தரையிலிருந்து இரண்டாம் மாடி வரை நாற்பத்தாறு படிகள். நின்று நின்று ஏறி எண்ணினேன். இருபத்து மூன்றில் ஒரு திருப்பம். கைப்பிடி ஒரு பக்கம் மட்டும்.

திரவியத்துக்கு இடது முழங்கால் தேய்ந்திருக்கிறது. கூட்டத்தில் எழுந்து நிற்கவே மேசையைப் பிடிப்பார். மாவட்ட ஆட்சியருக்கு எழுதும் மனுவின் கடைசிப் பத்தியில் இதைச் சேர்த்தேன்: "விசாரணை அதிகாரி இடமாற்றத்தின் விளைவை நேரில் காணும் பொருட்டு, விசாரணையை இரண்டாம் மாடி ஹார்ட் வார்டிலேயே நடத்த வேண்டுகிறேன்."

சட்டப்படி நியாயமான வேண்டுகோள். எழுதிமுடித்ததும் இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டேன்.

நவம்பர் 22, புதன்

மனுவை ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பினேன். எட்டுப் பக்கம், ஐந்து இணைப்பு. தபால் நிலையத்திலிருந்து வரும் வழியெல்லாம் திருப்பி வாங்கிவிடலாமா என்று நினைத்தேன். நான் எழுதிய எதிலும் எனக்கு முழு நம்பிக்கை இருந்ததில்லை. தீர்ப்பு நகலில்கூட மூன்று முறை சரிபார்த்துவிட்டு நாலாவது முறை பயப்படுவேன்.

திரவியம் நாற்பத்தாறு படி ஏறுவதை நினைத்துக்கொண்டேன். பயம் போய்விட்டது.

நவம்பர் 25, சனி

சாட்சி வேண்டும். அன்று பொதுமக்கள் மூவர் வந்திருந்தார்கள். ஒருவர் ஓய்வு பெற்ற தபால்காரர் அந்தோணிமுத்து. இப்போது மகனுடன் கோவையில் இருக்கிறார். இன்னொருத்தி சேர்மக்கனி, மருத்துவமனை வாசலில் இளநீர் விற்பவள். அந்த இடத்தை விட்டுத் தன்னை எழுப்பவேண்டாம் என்று கேட்க வந்திருந்தாள்.

"ஆகஸ்ட் மாசம் கூட்டத்துக்கு வந்தியே, ஞாபகம் இருக்கா?"

"இல்லாம? அரை நாள் யாவாரம் போச்சுல்லா."

"அன்னைக்கு உங்களப் பேசவிடாம வெளிய நிறுத்தினது யாருன்னு விசாரணையில சொல்லணும்."

இளநீரைச் சீவிக்கொண்டிருந்தவள் அரிவாளை நிறுத்தினாள்.

"நடந்ததச் சொல்லணுமா, நீங்க கேக்கதச் சொல்லணுமா?"

"நடந்ததத்தான்."

"அப்ப நான் வராம இருந்தாத்தான் ஒங்களுக்கு நல்லது ஐயா."

இளநீரை நீட்டினாள். குடிக்காமல் வந்துவிட்டேன். அவளுக்குப் பயம் போலிருக்கிறது. திரவியத்தின் ஆட்கள் மிரட்டியிருக்கலாம்.

நவம்பர் 26, ஞாயிறு

மழை. எழுத ஒன்றுமில்லை. உலகம்மையின் வயர் கூடை இன்னும் ஆணியில் தொங்குகிறது. அவள் இறந்த அன்று மருத்துவமனையில் என் கையில் கொடுத்தது. அப்படியே மாட்டினேன்.

நவம்பர் 29, புதன்

பதில் வந்துவிட்டது. டிசம்பர் 6, புதன், காலை பதினொரு மணி. விசாரணை அதிகாரி ஒரு துணை ஆட்சியர் அம்மையார். இடம்: இரண்டாம் மாடி, ஹார்ட் வார்டு.

கடிதத்தை உலகம்மையின் படத்துக்கு முன் வைத்தேன். அவள் இருந்திருந்தால் "பெரிய காரியம்தான், போய்த் துணிய எடுங்கண்ணே, மழை வருது" என்றிருப்பாள்.

டிசம்பர் 2, சனி

திரவியம் வீட்டுக்கு வந்தார். தனியாக. உலகம்மை காய் நறுக்க உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கீரு. வக்கீல்கிட்ட காட்டினேன். 'யாரு எழுதினது, ஓட்டையே இல்லையே'ங்கான்."

ஒரு கணம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை எழுதிவைக்க வெட்கமாக இருக்கிறது.

"ஆனா ஒண்ணு, சிரஸ்தாரே. கதவே இல்லன்னு படம் போட்டு எழுதியிருக்கீரு. சரி. அப்பொ அந்தப் பச்சைத்துணித் தட்டிய இழுத்து மறைச்சது யாருன்னு எழுதலையே?"

நான் மனுவின் நகலை எடுத்து ஃபைலுக்குள் வைத்தேன்.

"நான் சாத்தும்னு சொன்னனா? நெனச்சுப் பாரும். வாயத் தொறந்தனா? உம்மப் பாத்தேன். அவ்வளவுதான். நீரு எந்திச்சிட்டீரு. நாலு வருசமா அப்பிடித்தானவே. ஒரு தடவையாவது 'எதுக்கு'ன்னு கேட்டிருப்பீரா?"

கேட்டதில்லை.

"நான் போனா நீரும் போவீரு. பேப்பர்ல பேரு வரும். எதுக்கு இந்த வயசுல? வாபஸ் வாங்கிரும். லிப்ட நான் சரிபண்ணித் தாறேன். உம்ம தங்கச்சி பேர்ல ஒரு கல்லு வச்சிருவோம்."

"எத்தனையாவது படியில வைப்பீங்க?" என்று கேட்டேன்.

என் குரல்தான். எனக்கே ஆச்சரியம். அவர் நாற்காலிக் கையைப் பிடித்து, முழங்காலைத் தேய்த்துக்கொண்டு எழுந்தார்.

"உம்ம நல்ல மனுசன்னு நெனச்சேன்."

எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள். நான் உட்பட.

டிசம்பர் 4, திங்கள்

தேங்காய் துருவும்போது விரலில் பட்டுவிட்டது. இடது கை. எழுதுவதற்குத் தடையில்லை.

டிசம்பர் 5, செவ்வாய்

ஜெசிந்தா கேட்ட சீட்டு, ஆகஸ்ட் மாத ஃபைலின் உறைக்குள் இருந்தது. அங்கேதான் இருக்கும் என்று எனக்குத் தெரியும். பதினெட்டு நாளாக அந்த ஃபைலைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் தேடினேன்.

மூன்று வரி. சேர்மக்கனி, வாசல் கடை. அந்தோணிமுத்து, தபால்காரர் (ஓய்வு). மூன்றாவது வரி, சாய்ந்த கையெழுத்து: உலகம்மை, ஹார்ட் வார்டு நோயாளி.

பிறகு கூடையை இறக்கினேன். மாத்திரைப் பெட்டி, நோயாளிச் சீட்டு, கண்ணாடி, நாலாக மடித்த அரைத்தாள். அவள் அந்த ஐந்து நிமிடத்துக்கு எழுதிவைத்திருந்தது.

"ஹார்ட் வார்டை மாடிக்குக் கொண்டுபோகப்போவதாக நர்சு சொன்னார்கள். கொண்டுபோனால் எங்களில் பாதிப்பேர் ஏற மாட்டோம். மீதிப்பேர் ஏறி, பேசமுடியாமல் டாக்டர் முன்னால் நிற்போம். இது புகார் இல்லை. கேட்டுக்கொள்வது."

"கேட்டுக்கொள்வது" என்பதை அடித்து "பணிவான விண்ணப்பம்" என்று சிவப்புப் பென்சிலால் எழுதியிருப்பது நான். கூட்டத்துக்கு முதல்நாள் மாலை, காப்பி குடித்துக்கொண்டே.

மறுநாள் காலை செருப்பு மாட்டும்போது அவளிடம் சொன்னேன்: "நீ எந்திச்சுப் பேச வேண்டாம். குழுவுல இருக்கவன் தங்கச்சியே புகார் சொல்லுதான்னு பேராகும். நான் உள்ள சொல்லிருதேன்." ஆனாலும் அவள் வந்தாள். அவளுக்கு என்னைத் தெரியும்.

உள்ளே அந்தப் பொருள் ஏழு நிமிடத்தில் முடிந்தது. "எல்லாருக்கும் சம்மதம்தான?" என்றார் திரவியம். நான் பேனாவின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் சேர்மக்கனியிடம் போனேன். "நாளைக்கு வா. நடந்ததச் சொல்லு" என்றேன். இளநீர் கொடுத்தாள். குடித்தேன்.

டிசம்பர் 6, புதன்

வரிசையாக எழுதுகிறேன்.

பத்தே முக்காலுக்கு அதிகாரி அம்மையார் ஏறிப் போனார்கள். அடுத்து திரவியம். நான் வேண்டுமென்றே அவருக்குப் பின்னால் நின்றேன். கைப்பிடி இல்லாத பக்கம் அவருக்கு வாய்த்தது. அதுவும் நான் முந்திக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, அவரை மறுபக்கமாக முன்னே விட்டதால்.

பத்தாவது படியில் கைக்குட்டையை எடுத்தார். திருப்பத்தில் சுவரில் சாய்ந்து நின்றார். "என்னவே இப்படி இருக்கு" என்றார், என்னிடம் இல்லை, படியிடம். எனக்கும் மூச்சு வாங்கியது. ஆனாலும் எண்ணிக்கொண்டே வந்தேன். அவர் மறுபடி நின்றபோது சத்தமாகச் சொன்னேன்:

"முப்பத்தொண்ணு."

அவர் திரும்பவில்லை. கழுத்தில் வியர்வை இறங்கியது. தரையைப் பார்த்தார். காலைத் தூக்கி அடுத்த படியில் வைக்க அவருக்கு வெகுநேரம் ஆனது. பதினாறு நாளாக நான் கேட்டுக்கொண்டிருந்தது அந்த ஒரு நிமிடம்தான். கிடைத்தது. நன்றாகத்தான் இருந்தது. அப்படி இல்லை என்று எழுதினால் பொய்.

மேலே, காலியான ஒரு கட்டிலின் பக்கத்தில் மேசை போட்டிருந்தார்கள். கூட்டக் குறிப்பு, கூடத்தின் படம், என் அளவுகள். ஜெசிந்தா முதல்நாளே அடித்துவைத்ததை ஒப்புக்கொண்டாள். யார் சொல்லிக்கொடுத்தது என்பதையும் சொன்னாள்.

"கதவே இல்லாத இடத்துல மக்களை எப்படி வெளிய அனுப்பினீங்க?" என்று அம்மையார் கேட்டார்கள்.

"வழக்கம்போல மேடம்..." என்று திரவியம் இழுத்தார்.

சேர்மக்கனி எழுந்தாள். "நாங்க மூணு பேரும் வாசப்படிகிட்ட நின்னோம். அந்தம்மா பேசதுக்குக் காயிதத்த விரிச்சாவ. தலைவரு இந்த ஐயாவப் பாத்தாரு. ஐயா எந்திச்சு வந்து தட்டிய இழுத்தாவ. அதுல ஒரு சக்கரம் கீச்சுன்னு கத்துச்சு. எங்க மூஞ்சிக்கு நேரா இழுத்தாவ. நான் கோவப்பட்டுச் சடைச்சேன். அந்தம்மாதான் என் கையப் பிடிச்சு, 'விடு, எங்கண்ணன் உள்ள இருக்காவ, அவாளே சொல்லிருவாவ'ன்னு கூட்டிட்டுப் போனாவ."

வார்டில் யாரோ இருமினார்கள். அம்மையார் எழுதுவதை நிறுத்தினார்கள்.

"உண்மையா சார்?"

நான் எழுந்தேன். "உண்மைதான் அம்மா. இவர் பார்த்தார். நான் இழுத்தேன். உள்ளே நான் எதுவும் சொல்லவில்லை." சீட்டையும் அரைத்தாளையும் மேசையில் வைத்தேன். "இவை ஆறாவது, ஏழாவது இணைப்பு. மனுவில் விட்டுப்போயின."

"அப்ப விதிப்படி நீங்களும் பதவி இழக்கணுமே."

"தெரியும். விதி 11, நான்காம் பிரிவு."

இறங்கும்போது திரவியம் மெதுவாகச் சொன்னார்: "உம்மள நீரே குத்திக்கிட்டீரேவே."

"ஒரே கத்திதான் இருந்தது" என்றேன்.

இது நவம்பர் 18 அன்று எழுதிப் பார்த்த ஆறில் ஒன்றல்ல.

டிசம்பர் 8, வெள்ளி

ரசம் சரியாக வந்தது. சாப்பிட ஒரு ஆள்தான்.

டிசம்பர் 12, செவ்வாய்

உத்தரவு வந்தது. ஆகஸ்ட் 17 முடிவு செல்லாது. ஹார்ட் வார்டு திங்கள்கிழமை முதல் மறுபடி தரைத்தளத்தில். குழுவிலிருந்து இருவர் நீக்கப்படுகிறார்கள். என் பெயர் இரண்டாவது. வழிமொழிந்தவனுக்கு அதுதான் இடம்.

ஜெசிந்தா போனில் சொன்னாள்: "இனிமே கூட்டம் முடிஞ்ச பொறகுதான் அடிக்கணும்னு உத்தரவு சார். வீடு வீடா அலையணும்."

"அலையம்மா" என்றேன்.

நோட்டின் முதல் பக்கத்தைச் சரிபார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று சரி. ஐந்து நிறைவேறியது. அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. திரவியம் இப்போது மில் வாசலில் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார்கள். உட்காரட்டும்.

நான்காவது குறிப்பு தவறு. நீதிமன்றத்தில் ஒரு சொல்லை அடித்தால், அடித்தவன் பக்கத்தில் சுருக்கொப்பம் இடவேண்டும். சிவப்புப் பென்சிலால் "அவர் மட்டுமே" என்பதை அடித்து, ஓரத்தில் ஒப்பமிட்டிருக்கிறேன்.